கனவின் பொருள்

விடியற்காலையில் எழுந்தவுடன், முகங்கூடக் கழுவாமல், "நேற்றிரவு ஒரு கனவு கண்டேன், அதற்கு என்ன பலன்?" என்று கேட்பவர் இல்லாத வீடு நம் நாட்டில் அரிது. கேட்பவர் ஒருவராயின் விடை கூறுவோர் நால்வர். யானையைக் கண்டால் நன்று என்பார் ஒருவர். எண்ணெய் பூசிக்கொள்வதாகக் கண்டால் தீது என்பார் மற்றொருவர். முதற் சாமத்துக் கனவு மெல்லப் பலிக்கும், வைகறைக் கனவு விரைந்து பலிக்கும் என்று கால வரையறையும் கூறுவர். பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பாரும் உளர். நாம் கண்ட கனவைப் பற்றி இத்தனை பேர் கருத்துரைக்க, கனவு கண்ட நாம் மட்டும் அதனைப் பற்றிச் சிந்திப்பதில்லை. கனவு என்பது யாது, அது உயிருக்கு எதனை உணர்த்துகிறது, அதனை எவ்வளவு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களைப் பற்றி என் சிற்றறிவிற்கு எட்டியவற்றை இன்று கூற விழைகிறேன்.

நம் முன்னோர் கண்ட கனவையெல்லாம் தெய்வ வாக்காகக் கொண்டனர் என்று சிலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். முன்னோர் கனவை ஏற்றதைக் காட்டிலும் தள்ளியதே மிகுதி. மருத்துவ நூலாகிய சரக சங்கிதை கனவுகளை ஏழு வகையாகப் பகுக்கிறது. கண்ணாற் கண்டதைக் காண்பது, செவியாற் கேட்டதைக் காண்பது, நுகர்ந்ததைக் காண்பது, விரும்பியதைக் காண்பது, கற்பனை செய்ததைக் காண்பது, வரப்போவதை உணர்த்துவது, வாத பித்த சிலேத்துமங்களின் மாறுபாட்டால் தோன்றுவது என்பன அவ்வேழு. இவற்றுள் முதல் ஐந்தும் பயனற்றவை என்று அந்நூல் ஒதுக்கிவிடுகிறது. ஏழாவது வகை உடலின் நிலையைக் காட்டுவது. அது மருத்துவர் ஆராய்தற்கு உரியது. எஞ்சியது ஒன்றே ஒன்று.

பௌத்தர்களும் இவ்வாறே எண்ணினர். மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நிகழ்ந்த உரையாடலைக் கூறும் பாலி நூலொன்று உண்டு. அதன்கண் கனவு காண்போர் அறுவகையினர் என்று நாகசேனர் கூறுகிறார். வாதத்தால் காண்போர், பித்தத்தால் காண்போர், கபத்தால் காண்போர், தேவதையின் தூண்டுதலால் காண்போர், பழக்கத்தால் காண்போர், வருவதன் குறியாகக் காண்போர் என்போர் அவர். அவருள்ளும் இறுதியிற் கூறப்பட்டவர் கண்ட கனவே மெய் என்றும், ஏனையவை பொய் என்றும் அவர் முடிவு கூறுகிறார். மருத்துவர் ஏழில் ஐந்தைத் தள்ளினார். துறவி ஆறில் ஐந்தைத் தள்ளினார். இன்று பலன் கேட்டு அலைவோரைவிட அவர்கள் கண்டிப்பானவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்து விஞ்ஞானிகளும் கனவை ஆராயாமல் விடவில்லை. சிக்மண்ட் பிராய்டு என்னும் வியன்னா நகரத்து மருத்துவர் 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் நூலில், அடக்கப்பட்ட ஆசைகள் மாறுவேடம் பூண்டு வருவதே கனவு என்று கூறினார். விரும்பியதைக் காண்பது என்று சரகர் ஒரு வகையாகக் கூறியதை இவர் ஏறத்தாழ எல்லாக் கனவுகட்கும் உரியதாக்கினார் எனலாம். 1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள்ளே கண்மணிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டு என்பதைக் கண்டு வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை இந்நிலை திரும்பத் திரும்ப வருகிறது. ஆதலின் "நான் கனவே காண்பதில்லை" என்பவரும் கண்டு மறந்தவரே ஆவர். உடல் அசையாது கிடக்க, மூளை விழித்திருப்பதுபோல் தொழிற்படும் நிலை அது.

விஞ்ஞானம் கனவு எப்பொழுது, எவ்வாறு நிகழ்கிறது என்று ஆராய்கிறது. அதனை நாம் நன்றியுடன் ஏற்போம். ஆனால், கனவைக் காண்பவன் யார் என்னும் வினா வேறு. உபநிடத முனிவர்கள் கேட்டது இவ்வினாவையே. கனவின் பலன் யாது என்று ஜோதிடரை வினவுவதிலிருந்து, கனவைக் கண்டவன் யார் என்று தன்னைத் தானே வினவுவதற்கு ஒருவன் எப்போது திரும்புகிறானோ, அப்போதே அவன் ஆன்மிக நெறியில் அடி வைத்தவன் ஆகிறான்.

பிருகதாரணியக உபநிடதத்தில் சனக மன்னன் யாக்ஞவல்கியரிடம் ஒரு கேள்வி கேட்கிறான். மனிதனுக்கு ஒளியாய் நின்று உதவுவது எது என்பது அது. கதிரவன் என்கிறார் முனிவர். கதிரவன் மறைந்தால்? திங்கள். திங்களும் மறைந்தால்? தீ. தீயும் அவிந்தால்? சொல், இருளில் கை புலப்படாதபோதும் குரல் கேட்ட திசையில் நடக்கலாம் அன்றோ? சொல்லும் அடங்கினால்? அப்போது ஆன்மாவே ஒளி என்பது முனிவர் விடை. இதற்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டுவது கனவையே. கனவில் தேர் ஓடுகிறது. ஆனால் அங்கே தேரும் இல்லை, குதிரையும் இல்லை, வழியும் இல்லை. அனைத்தையும் ஆக்கிக்கொள்வது உயிரே. கண்கள் மூடியுள்ளன, அறையில் விளக்கு இல்லை, எனினும் கனவில் நண்பகல் வெயில் அடிக்கிறது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? நேயர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் நாம் காணும் அதிசயம் இது. நாள்தோறும் காண்பதனாலேயே அதிசயம் என்று தோன்றாதது.

பேராற்றில் வாழும் மீன் இக்கரைக்கும் அக்கரைக்கும் மாறி மாறிச் செல்வதுபோல, உயிரானது விழிப்பிற்கும் கனவிற்கும் மாறி மாறிச் செல்கிறது என்று யாக்ஞவல்கியர் உவமை கூறுகிறார். மீனுக்குக் கரைகள் சொந்தமல்ல. அது இரண்டிலும் தங்குவதில்லை. அவ்வாறே விழிப்பில் வரும் இன்பதுன்பங்களும் கனவில் வரும் இன்பதுன்பங்களும் உயிரின் இயல்பாகா என்பது கருத்து.

ஆனால் கனவு காண்பவனே ஆன்மா என்று அவசரப்பட்டு முடிவுகட்டுதலும் ஆகாது. சாந்தோக்கிய உபநிடதத்தில் பிரசாபதியிடம் இந்திரன் பாடங்கேட்ட வரலாறு வருகிறது. நீரில் தெரியும் உருவமே ஆன்மா என்ற முதற் பாடத்தைக் கேட்டு, உடன் வந்த விரோசனன் மனநிறைவோடு திரும்பிவிட்டான். இந்திரன் பாதி வழியில் ஐயுற்று மீண்டான். கனவில் உலவுபவனே ஆன்மா என்பது இரண்டாம் பாடம். இந்திரன் மீண்டும் ஐயுற்றான். உடல் குருடானாலும் கனவில் உலவுபவன் குருடாவதில்லை என்பது மெய். எனினும் கனவிலும் அவன் துரத்தப்படுகிறான், அஞ்சுகிறான், அழுகிறான். அழுபவன் எங்ஙனம் பேரானந்தப் பொருளாதல் கூடும் என்பது அவன் வினா. இவ்வாறு ஐயுற்று ஐயுற்று, மொத்தம் 101 ஆண்டுகள் தங்கி அவன் உண்மையை உணர்ந்தான் என்கிறது அந்நூல். கனவில் தோன்றுவதை அப்படியே நம்புபவன் விரோசனனுக்குத் துணைவன். மனநிறைவு கொள்ளாமல் திரும்பி வந்து கேட்பவனே இந்திரனுக்குத் துணைவன்.

மாண்டூக்கிய உபநிடதம் 12 மந்திரங்களே கொண்டது. விழிப்பு, கனவு, உறக்கம், இவற்றைக் கடந்த நான்காம் நிலை என்று அது உயிரின் நிலைகளை வகுக்கிறது. நம் சைவ சித்தாந்தமோ இவற்றைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக விரிக்கிறது. மெய்கண்டார் சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களுக்கு வேறானது என்பதை விளக்குமிடத்தில், அரசனும் அமைச்சரும் என்னும் உவமையை வைத்து இவ்வைந்து அவத்தைகளைக் குறிக்கிறார்.

இவ்வுவமை மிக அழகியது. உலா முடித்துத் திரும்பும் அரசன் ஒவ்வொரு வாயிலிலும் சிலரை நிறுத்திவிட்டு உள்ளே செல்கிறான். இறுதியில் அந்தப்புரத்தினுள் தனியே புகுகிறான். அவ்வாறே உயிரும் செல்கிறது. சாக்கிரத்தில் உயிர் புருவ நடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படுகிறது. சொப்பனத்தில் ஐம்பொறிகளையும் ஐந்து தொழிற் கருவிகளையும் அங்கேயே விட்டுவிட்டு, எஞ்சிய 25 கருவிகளோடு கண்டத்திற்கு இறங்குகிறது. சுழுத்தியில் 3 கருவிகளோடு இதயத்திலும், துரியத்தில் 2 கருவிகளோடு நாபியிலும், துரியாதீதத்தில் தனித்து மூலாதாரத்திலும் நிற்கிறது. கனவில் நம் கால் ஓட மறுப்பதும், கூவ முயன்றும் குரல் எழாததும் நாம் அறிந்தவையே. தொழிற் கருவிகள் முன்வாயிலில் நின்றுவிட்டன. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அமைச்சர் நால்வரும் மட்டும் உடன் வந்தனர். காவலர் இல்லாத இடத்தில் அமைச்சர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை அரசன் கேட்பதுபோன்றது கனவு என்று நான் பொருள் கொள்வதுண்டு. பகலில் அவையோர் முன் அவர்கள் மறைத்ததை இரவில் மறைப்பதில்லை.

இனி இலக்கியத்திற்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்றே ஒரு காதை உண்டு. கணவனைப் பிரிந்து வாடும் கண்ணகி, தன் தோழி தேவந்தியிடம் தான் கண்ட கனவைக் கூறுகிறாள். கணவன் தன் கையைப் பற்றி ஒரு பெருநகருக்கு அழைத்துச் சென்றதும், அங்குள்ளார் தங்கள்மேல் தகாத பழியொன்றைச் சுமத்தியதும், தான் அரசன் முன் சென்று வழக்குரைத்ததும், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு நேர்ந்ததும் அக்கனவிற் காணப்பட்டவை. தேவந்தி என்ன செய்கிறாள்? காவிரி கடலொடு கலக்கும் இடத்தருகே உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்று பரிகாரம் கூறுகிறாள். கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள்.

இவ்விடத்தை நான் பலமுறை படித்து வியந்திருக்கிறேன். கனவைக் கண்ணகி பொய்யென்று தள்ளவில்லை. அவள் நெஞ்சம் அதனால் கலங்குகிறது. ஆயினும் அந்த அச்சத்தை விலையாகக் கொடுத்துத் தன் நெறியை மாற்றிக்கொள்ள அவள் உடன்படவில்லை. மறுகணமே கோவலன் வந்து நிற்கிறான். மதுரைக்கு வா என்கிறான். பெருநகர் என்று கனவிற் கண்டதை நினைந்து அவள் தயங்கி நின்றதாக இளங்கோவடிகள் கூறவில்லை. வருவது அறிந்தும் கடமையினின்று வழுவாமை கற்பின் திண்மை. கனவு அவளுக்கு எச்சரிக்கையாயிற்றே ஒழிய எசமானன் ஆகவில்லை.

தெய்வமே கனவில் தோன்றிப் பேசுவதைப் பெரியபுராணம் பலவிடத்தும் கூறுகிறது. அவற்றுள் பூசலார் நாயனார் வரலாறு நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வடியார் கோயில் எழுப்பப் பொருள் தேடிக் காணாமல், மனத்தினுள்ளேயே அடிநிலை தொட்டுச் சிகரம் வரை ஒரு கோயிலை நெடுநாள் முயன்று கட்டி முடித்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமான் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யக் கருதியிருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்தில் நாளை நாம் புகுவோம். உன் செயலை வேறு நாளில் வைத்துக்கொள் என்று பணித்தருளினான்.

மன்னன் செய்ததைக் கவனிக்க வேண்டும். அவன் இது என்ன பொய்க் கனவு என்று உதறவில்லை. அரண்மனையில் இருந்துகொண்டே பலன் கேட்கவும் இல்லை. நேரே திருநின்றவூருக்குப் போய்ப் பூசலார் கட்டிய கோயில் எது என்று வினவினான். அப்படியொரு கோயில் இங்கு இல்லை என்றனர் ஊரார். அதன் பின்னும் அவன் சினந்து திரும்பவில்லை; பூசலார் யார் என்று கேட்டறிந்து அவரிடமே சென்றான். உண்மை அறிந்ததும் நிலமுற வீழ்ந்து வணங்கினான். அவனுடைய கற்றளி, காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அத்தகைய கோயிலைக் கட்டியவனுக்குத் தன் பெருமையைக் கூறாது, பிறன் ஒருவனின் பெருமையைக் கூறிற்று அக்கனவு. தெய்வத் தன்மை வாய்ந்த கனவிற்கு இதுவே தலையாய அடையாளம் என்பது என் துணிபு.

இத்துணிபு நூலைப் படித்ததனால் மட்டும் எனக்கு வந்ததன்று. என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற நேயர்கள் பொறுத்தருள வேண்டும். எந்தையார் மறைந்தபின் எனக்கும் என் தமையனாருக்கும் பொதுக் கிணற்றில் நீர் இறைக்கும் முறையைப் பற்றிப் பிணக்கு உண்டாயிற்று. சிறிய செய்திதான், ஆனால் மூன்றாண்டுகள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அந்நாளில் ஒரு கனவு வந்தது. எந்தையார் வீட்டு வாயிலில் நின்று தண்ணீர் கேட்கிறார். நான் செம்பில் நீர் முகந்து ஓடுகிறேன். கதவு திறக்கவில்லை. அவர் மீண்டும் கேட்கிறார். விழித்துக்கொள்கிறேன். இக்கனவு அடுத்தடுத்து மூன்று இரவுகள் வந்தது.

கனாநூல் வல்லவர் என்று பெயர் பெற்ற ஒருவரிடம் சென்றேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "உமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் உமக்குத் தீங்கு செய்வித்திருக்கிறார்; அதனால்தான் பித்ருக்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை" என்றார். அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. என் மனம் அடுத்த தெருவிற்கு ஓடிற்று. பரிகாரத்திற்கு ஒரு தொகையும் பேசி முடித்தேன்.

வீடு திரும்பும் வழியில், எனக்கு இளமையில் தமிழ் கற்பித்த ஆசிரியரைக் கண்டேன். என் வாட்டத்தைக் கண்டு அவர் காரணம் வினவினார். கனவைக் கூறினேன்.

"தம்பி, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது?" என்றார்.

நான் விடை கூற வாயெடுத்தேன், நா எழவில்லை. தாழ்ப்பாள் உட்பக்கம் இருந்தது. என் பக்கம் இருந்தது. மூன்று இரவுகள் அக்கதவை நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேனே அன்றி, ஒருமுறையேனும் தாழை நீக்க முயலவில்லை.

"சரி, ஐயா" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே தமையனார் வீட்டிற்குச் சென்றேன். அண்ணியார் ஒன்றும் பேசாமல் ஒரு பலகையை எடுத்துப் போட்டார். கனவைத் தமையனாரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்த அவர், "உன்னிடமாவது வந்தாரே! நான் ஒவ்வொரு நாளும் அவரை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஒரு நாளும் வரவில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கிணற்றுச் செய்தியை அன்று நாங்கள் பேசவில்லை. பின்னர் அது தானே தீர்ந்தது. அதன்பின் ஈராண்டுகளே அவர் உயிரோடிருந்தார். அக்கனவிற்கு முன்னவர் கூறிய பொருளை நான் கொண்டிருந்தால், அந்த ஈராண்டுகளும் எனக்கு இல்லாமற் போயிருக்கும்.

அன்று வந்தது எந்தையாரின் ஆவியா, என் மனச்சான்றா, ஊட்டி வளர்த்த முகத்தை நினைவு திருப்பிக் காட்டியதா? இவ்வினாவை எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. எதுவாயினும் அது என்னிடம் கேட்டது ஒன்றே. தாகத்தோடு நின்றவர் எவர் என்பதைவிடத் தாழிட்டவன் எவன் என்பதே நான் அறியவேண்டியதாயிருந்தது.

ஆகவே, கனவிற்குப் பொருள் காண விழையும் அன்பர்கட்கு மூன்று உரைகற்களைக் கூறுவேன். முதலாவது, கனவு எவர்மேல் விரல் நீட்டுகிறது என்று பாருங்கள். பிறர்மேல் ஐயமும் பகையும் வளர்க்கும் பொருளைத் தள்ளிவிடுங்கள். நம் குறையை நமக்குக் காட்டும் பொருளை ஆராயுங்கள். இரண்டாவது, அது பகல் வெளிச்சத்தைத் தாங்குமா என்று பாருங்கள். காடவர் கோமான் சென்று விசாரித்ததுபோல விசாரியுங்கள். விசாரணைக்கு அஞ்சும் கனவு தெய்வக் கனவாகாது. உடல்நோயைப் பற்றிய அச்சமாயின் மருத்துவரிடம் செல்லுங்கள். தீக்கனவுகள் விடாது துன்புறுத்தினாலும் அவரிடமே செல்லுங்கள். மூன்றாவது, அது நம்மைக் கடமைக்கு அழைக்கிறதா, வாணிகத்திற்கு அழைக்கிறதா என்று பாருங்கள். கண்ணகி மறுத்ததை நாமும் மறுக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் உண்மை உண்டு. கனவில் புலி துரத்தும்போது நம் நடுக்கம் மெய்யாகவே இருக்கிறது. விழித்தவுடன் புலியும் இல்லை, அதனைக் கொல்லக் கனவில் எடுத்த வாளும் இல்லை. அதுபோல இவ்விழிப்பும் மற்றொரு விழிப்பை நோக்கியிருக்கும் நீண்ட கனவே என்றார் கௌடபாதரின் வழிவந்த ஞானியர். கனவு குறுகியது, நனவு நெடியது. வேறுபாடு அவ்வளவே என்று ரமண மகரிஷியும் தம்மை நாடி வந்தோர்க்கு உணர்த்தினார். அவ்விழிப்பு நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. அது வரும்வரை, இரவு தோறும் இலவசமாக நடைபெறும் இப்பள்ளியில் நாம் பாடம் கேட்கலாம்.

நாளைக் காலையில் எழுந்தவுடன் கனவின் பலன் யாது என்று பிறரைக் கேட்கும் முன்பு, ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு, கனவில் மூடிக்கிடந்த கதவு எது, அதன் தாழ் எப்பக்கம் உள்ளது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.